கேட்டு வாங்கிய விளையாட்டு: கார்லைல் கால்பந்து அணி பிறந்த கதை

1893ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்றொரு சின்ன ஊர். அங்கே அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக இருந்த உறைவிடப் பள்ளியின் கண்காணிப்பாளர் அறைக்குள் ஒருநாள் சுமார் நாற்பது பையன்கள் ஒன்றாக நுழைந்து, அவருடைய மேஜையைச் சுற்றி நின்றார்கள். தங்களுக்குள் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவனை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவன் பேசினான், மற்றவர்கள் கண்காணிப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெளிக் கல்லூரிகளோடு கால்பந்து ஆட எங்களை அனுமதிக்க வேண்டும்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட். குதிரைப்படை அதிகாரி, அந்தப் பள்ளியைத் தொடங்கியவர். வெளி அணிகளோடு ஆடக் கூடாது என்று தடை போட்டவரும் அவர்தான். பையன்கள் சொன்ன வாதங்களை முழுவதும் கேட்டார். கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றார்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றை எடுத்தால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று பெரிய பெயர்களில்தான் தொடங்குவார்கள். அதில் தவறில்லை, ஆட்டத்தின் சட்டதிட்டங்கள் அங்கேதான் உருவாயின. ஆனால் அந்த ஆட்டம் எப்படிப்பட்டது, அதை யார் எதற்காக ஆடினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கல்லூரியே இல்லாத ஒரு பள்ளியின் அணி எப்படிப் பிறந்தது என்று பார்ப்பதுதான் எனக்குச் சிறந்த வழியாகப் படுகிறது. கார்லைல் பள்ளி பட்டம் தந்ததில்லை. அங்கே பையன்கள் அரை நாள் பாடம் படித்தார்கள், அரை நாள் தகரவேலை, கொல்லுவேலை, தையல், அச்சு வேலை என்று கைத்தொழில் செய்தார்கள். அப்படியிருந்தும் நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழக அணிகளை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார்கள், பல முறை வென்றார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஃபுட்பால் என்று நாம் சொல்வது இதுவல்ல. 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர்; ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அது பெரும்பாலும் காலால் உதைத்து ஆடியது. 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் ஹார்வர்டுக்கு வந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தை ஆடிக் காட்டியது. அது ஹார்வர்டுக்குப் பிடித்துப்போனது. 1880களில் யேலின் வால்டர் கேம்ப் கொண்டுவந்த மாற்றங்களால்தான் இன்று நாம் பார்க்கும் வடிவம் வந்தது: பதினொரு பேர், எதிரெதிரே இரண்டு வரிசை, அன்றைய கணக்கில் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு.

ஐந்து கஜம்தானே வேண்டும்? அப்படியானால் பந்து வைத்திருப்பவனைச் சுற்றிக் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, எதிர்வரிசையின் ஏதாவது ஓர் இடத்தில் மோதித் தள்ளினால் போதும். 1892இல் ஹார்வர்டு இதையே ஒரு வியூகமாக்கியது. ஆப்பு வடிவில் சேர்ந்து ஓடி ஒரே ஆள்மீது மோதுவார்கள். தலைக்கவசம் கிடையாது. தலையில் அடிபடாமல் இருக்கக் கல்லூரிப் பையன்கள் முடியை நீளமாக வளர்த்துக்கொண்டார்கள். கை கால் முறிவது சாதாரணம். உயிர்ச்சேதமும் உண்டு. எடை கூடியவன் ஜெயிக்கிற ஆட்டம் அது.

முடியைப் பற்றிச் சொன்னதும் கார்லைலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

நம் பாடப்புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று படித்தோமே, அந்த மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இது. அவர்கள் அமெரிக்காவின் பூர்வகுடிகள். லகோட்டா, செயென், கையோவா, செனிகா, ஒனைடா, பாவ்னி என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனி மொழி, தனி ஊர், தனி வரலாறு. பிராட் 1875 முதல் ஃபுளோரிடாவில் ஒரு பழைய கோட்டையில் பூர்வகுடிப் போர்க்கைதிகளைக் காவல் காத்தவர். அவர்களுக்கு ஆங்கிலமும் ராணுவ ஒழுங்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அதில் கிடைத்த நம்பிக்கையோடு, காலியாகக் கிடந்த கார்லைல் படைமுகாமை அரசிடமிருந்து வாங்கி 1879இல் பள்ளியைத் தொடங்கினார். பூர்வகுடிகளை முழுதாக வெள்ளையர் சமூகத்துக்குள் கரைத்துவிட்டால்தான் அவர்கள் பிழைப்பார்கள் என்பது அவர் கொள்கை. ஒருவனுக்குள் இருக்கும் இந்தியனை, அதாவது பூர்வகுடியை, கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று 1892இல் மேடையிலேயே பேசினார். அதை நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதுதான் கேட்கிறவரை உறைய வைக்கிறது.

அந்தக் கொள்கை ஒரு குழந்தையின்மேல் எப்படி இறங்கியது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1879 அக்டோபரில் வந்த முதல் தொகுதியில் ஒட்டா க்டே என்ற லகோட்டாச் சிறுவன் இருந்தான். வகுப்புக்குள் போனால் கரும்பலகையில் ஏதோ வெள்ளைக் கோடுகள். அவை பெயர்கள் என்றும், ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஆசிரியர் ஒரு குச்சியைக் கையில் கொடுத்தார். போரில் எதிரியைத் துணிந்து தொடும் வீரனைப் போல அவன் குச்சியை நீட்டி ஒரு கோட்டைத் தொட்டான். அன்றிலிருந்து அவன் லூதர். அந்தப் பெயரை வெள்ளை நாடாவில் எழுதிச் சட்டை முதுகில் தைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்று நாடறிந்த மனிதராகி, இதையெல்லாம் அவரே எழுதினார்.

பெயரைப் போலவே முடியும் போனது. லகோட்டாக்களிடையே முடியை வெட்டுவது துக்கத்தின் அடையாளம். யாரோ செத்துப்போன மாதிரி பிள்ளைகள் கதறினார்கள். தாய்மொழி பேசத் தடை. கோடையில் வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக வெள்ளையர் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். காசநோயும் மற்ற தொற்றுகளும் பரவின. அங்கேயே இறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஓர் இடுகாடு இருந்தது. அங்கிருந்த உடல்களைத் தோண்டி எடுத்து அந்தந்தக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் வேலையை அமெரிக்க ராணுவம் 2017இல்தான் தொடங்கியது.

ஊரைச் சேர்ந்த ஜான் சோட் என்ற புகைப்படக்காரர் பிள்ளைகளை இரண்டு முறை படமெடுப்பார். வந்த அன்று நீண்ட முடியோடும் சொந்த உடையோடும் ஒன்று. சில மாதங்கள் கழித்துக் குட்டை முடியோடும் சீருடையோடும் இன்னொன்று. நிதி கொடுக்கும் வாஷிங்டன் அரசியல்வாதிகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் பிராட் காட்டிய ஆதாரம் இந்த ஜோடிப் படங்கள். பிராட்டுக்கு எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் மனதில் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கால்பந்துக்கும் அதே கூட்டத்தைத்தான் அவர் மனதில் வைத்தார்.

இந்தச் சூழலில் பையன்கள் பந்தைக் கையிலெடுத்தது ஆச்சரியமில்லை. பந்து அவர்களுக்குப் புதிதும் இல்லை. செனிகா, ஒனைடா போன்ற இனங்கள் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸ் ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தவர்கள். கார்லைல் மைதானத்தில் முதலில் தொழிற்கூடத்துக்குத் தொழிற்கூடம் என்று தங்களுக்குள் ஆடினார்கள். அப்புறம் அதே ஊரிலிருந்த டிக்கின்சன் கல்லூரியோடு ஆடினார்கள். 1890இல் அப்படி ஓர் ஆட்டத்தில் ஸ்டேசி மாட்லாக் என்ற பாவ்னி இளைஞனுக்குக் கால் முறிந்தது. அடிபட்டவனை வண்டியிலிருந்து இறக்கிய நேரத்தில் பிராட் பக்கத்திலேயே நின்றிருந்தார். பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இனி வெளியாருடன் ஆட்டமே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

அந்தத் தடைதான் மூன்று ஆண்டு கழித்து நாற்பது பேரை அந்த அறைக்குக் கொண்டுவந்தது. இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். கார்லைலில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த எதுவும் அவர்கள் கேட்டுக் கிடைத்ததல்ல. பெயரைக் கேட்கவில்லை, சீருடையைக் கேட்கவில்லை, மொழியை மாற்றித் தரச் சொல்லவில்லை. கால்பந்தை மட்டும்தான் அவர்களாகப் போய்க் கேட்டு வாங்கினார்கள். அதுவும் எப்படி? ஊரின் சார்பில் பேச ஒருவனை நிறுத்தி மற்றவர்கள் சுற்றி நிற்பது அவர்களுடைய சபைகளின் வழக்கம். பள்ளி அழிக்கப் பார்த்த ஒரு முறையை வைத்தே பள்ளியிடமிருந்து ஒன்றைப் பெற்றார்கள். இந்த அணியின் தொடக்கத்தில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது இதுதான்.

சரி, பிராட்டின் நிபந்தனைகள் என்ன? முதலாவது, எதிரணிக்காரன் குத்தினாலும் நீங்கள் திருப்பிக் குத்தக் கூடாது. நீங்கள் அடித்தால், பாருங்கள் காட்டுமிராண்டிகள் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நீங்கள் அடிக்காமல் மற்றவன் அடித்தால் அந்தப் பெயர் அவனுக்குப் போகும். இரண்டாவது, இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியைத் தோற்கடிக்கும் அளவுக்கு வளர்ந்து காட்ட வேண்டும்.

இரண்டுமே விளையாட்டைப் பற்றிய நிபந்தனைகள் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இரண்டும் பார்வையாளர்களைப் பற்றியவை. வெள்ளைக்காரப் பையன் கோபத்தில் ஒரு குத்து விட்டால் அது அவனுடைய கோபம். கார்லைல் பையன் விட்டால் அது அவன் இனத்தின் குணம். அந்தப் பாரத்தை இந்தப் பையன்களின் தோளில் முதல் நாளே ஏற்றிவிட்டார்கள். பிராட் நிலவரத்தைச் சரியாகக் கணித்தார் என்பதையும் மறுக்க முடியாது. அடுத்த இருபது ஆண்டும் பத்திரிகைகள் கார்லைல் ஆட்டங்களைப் போர், படையெடுப்பு, மண்டைத்தோல் உரிப்பது என்ற சொற்களில்தான் எழுதின.

அணியைப் பழக்க, 1894இல் வான்ஸ் மெக்கார்மிக் வந்தார். யேல் அணியில் குவார்ட்டர்பேக்காகவும் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) கேப்டனாகவும் இருந்தவர், பக்கத்து ஹாரிஸ்பர்க் நகரத்துக்காரர். பின்னாளில் அந்த நகரின் மேயரானார், ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராகவும் இருந்தார். அவர் வழியாக யேலின் ஆட்டமுறை கார்லைலுக்கு வந்தது. அடுத்து வந்த பயிற்சியாளர் வில்லியம் ஹிக்கோக்கும் யேல்காரர்தான். ஒரு பெரிய மரத்தின் கிளையை வெட்டி வேறு மண்ணில் நட்ட மாதிரி.

1896 சீசன்தான் பெரிய சோதனை. அந்தக் காலத்தில் 'பெரிய நான்கு' என்று பெயர் பெற்றவை பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்கள். வெளியூர் அணிகள் இவற்றில் ஒன்றோடு ஆடினாலே பெருமை. கார்லைல் நான்கோடும் நான்கு வாரத்துக்குள் ஆடியது. நான்கும் வெளியூரில். கார்லைலில் பெரிய அரங்கமோ பணம் கொடுத்துப் பார்க்கும் பெருங்கூட்டமோ இல்லை. பெரிய நகரத்துக்குப் போய் ஆடினால் நுழைவுச்சீட்டு வருமானத்தில் பங்கு கிடைக்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே இது ரயிலிலேயே வாழ்ந்த அணியாக இருந்தது. பெரும்பாலும் எதிரியின் ஊர், எதிரியின் ரசிகர்கள்.

பிரின்ஸ்டனிடம் 22-6 என்று தோற்றார்கள். அடுத்தது யேல், அக்டோபர் 24, நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஃபீல்டு. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது டச்டவுன்; அன்று அதற்கு 4 புள்ளி, அதற்குப் பின் பந்தைக் கோல் கம்பங்களுக்கிடையே உதைத்தால் இன்னும் 2. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஃபிராங்க் காயூ டச்டவுன் போட்டு கார்லைல் முன்னிலை பெற்றது. நியூயார்க் கூட்டம் நம்ப முடியாமல் பார்த்தது. யேல் சுதாரித்துக்கொண்டு இரண்டு டச்டவுன் போட்டது. 12-6. பிற்பாதியில் ஜேமிசன் என்ற கார்லைல் வீரன், தன்னைப் பிடித்தவர்களை உதறிக்கொண்டு வரிசையைக் கிழித்து ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினான். அதற்குப் பின் உதையும் சரியாக விழுந்திருந்தால் ஆட்டம் சமன்.

விசில் ஊதிவிட்டது. ஜேமிசன் பிடிபட்டபோதே பந்து செத்துவிட்டது, அதாவது அந்த முயற்சி அங்கேயே முடிந்துவிட்டது என்று நடுவர் சொன்னார். டச்டவுன் செல்லாது. அந்த நடுவர் யார் தெரியுமா? ஹிக்கோக். கார்லைலின் பயிற்சியாளர், யேலின் பழைய மாணவர். அந்தக் காலத்தில் நடுவர்களை இப்படி ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்வது வழக்கம்தான். இருந்தாலும் தன் சொந்த கோச்சின் விசிலே தன் டச்டவுனை விழுங்கியதைப் பார்த்த பையன்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். மைதானத்தை விட்டு வெளியேறத் தயாரானார்கள். பிராட் இறங்கி வந்து, நின்று ஆடி முடியுங்கள் என்று பேசித் திருப்பினார். திரும்பிப் போய் ஆடினார்கள், யாரையும் குத்தாமல். கூட்டம் யேலைக் கூவி கார்லைலுக்குக் கைதட்டியது.

அடுத்த வாரம் ஹார்வர்டு 4-0 என்று வென்றது, ஒரே ஒரு டச்டவுன். அதற்கடுத்து பென்சில்வேனியா 21-0. நான்கும் தோல்விதான். ஆனால் அந்த நான்கு வாரத்தில் கார்லைலின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. டிசம்பரில் சிகாகோவின் கொலீசியம் அரங்கில், கூரைக்குக் கீழே, மின்விளக்கு வெளிச்சத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோடு ஆடி 18-8 என்று வென்றார்கள். பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் மின்சாரமே இல்லாத காலத்தில் அரங்குக்குள் விளக்குப் போட்டு ஆட்டம்! மேற்கே கையளவு பூமியில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் ஓடினார்கள். அன்றைய கேப்டன் பீமஸ் பியர்ஸ், ஒரு செனிகாக்காரர். அவருடைய தம்பி ஹாலியும் அணியில் இருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். 1879இல் தொடங்கிய பள்ளி தன் ஜோடிப் புகைப்படங்களை எவ்வளவு பேருக்குக் காட்டியிருக்க முடியும்? சில ஆயிரம்? ஒரே சீசனில் கால்பந்து அதைத் தாண்டிப் போய்விட்டது. பிராட்டின் கண்ணில் இதுவும் அந்தப் படங்களின் தொடர்ச்சிதான்: பாருங்கள், இவர்கள் யேலின் ஆட்டத்தை யேலைப் போலவே ஆடுகிறார்கள். ஆனால் மைதானத்தில் நடந்தது அது மட்டும்தானா? புகைப்படத்தில் பிள்ளை அசையாமல் உட்கார வேண்டும். மைதானத்தில் அசைவதே அவன் வேலை. எங்கே ஓடுவது, யாரை ஏமாற்றுவது என்று அவனே அந்த நொடியில் முடிவு செய்கிறான். அந்த இடத்தை யாராலும் சீருடைக்குள் அடைக்க முடியவில்லை.

1899இல் அணிக்கு இன்னொரு திருப்பம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த கிளென் வார்னர், எல்லோரும் 'பாப்' வார்னர் என்று கூப்பிடுவார்கள், ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் கார்லைலுக்கு வந்தார். முந்தைய ஆண்டு கார்லைலை எதிர்த்து நின்று ஜெயித்தவர் அவர். ஜெயித்தாலும் அந்தப் பையன்களின் வேகம் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

அவர் வந்ததும் முதலில் நடந்தது ஒரு சின்னச் சம்பவம், எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய கோச்சுகள் எல்லோரையும் போல வார்னரும் மைதானத்தில் கத்துவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார். சில வீரர்கள் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். சண்டை போடவில்லை, புகார் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். காரணம் புரிந்ததும் வார்னர் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பின்னாளில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற கோச்சுகளில் ஒருவராக ஆகப்போகிற மனிதருக்கு முதல் பாடம் எடுத்தது அவருடைய பிள்ளைகள்.

அந்த 1899 சீசனில் பென்சில்வேனியாவை 16-5 என்று வென்றார்கள். 'பெரிய நான்கில்' ஒன்று முதல் முறையாக கார்லைலிடம் விழுந்தது. பிராட்டின் இரண்டாவது நிபந்தனை நிறைவேற அவர் சொன்ன நான்கு ஆண்டு போதவில்லை, ஆறு ஆனது. கொலம்பியாவைப் பெரிய வித்தியாசத்தில் அடித்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று கண்டத்தின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை 2-0 என்று வென்றார்கள். வால்டர் கேம்ப் ஆண்டுதோறும் வெளியிடும் நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியலில் ஐசக் செனிகா இடம்பெற்றார். அந்தப் பட்டியலில் முதல் அணிக்கு வந்த முதல் பூர்வகுடி வீரர் அவர்.

கார்லைலின் தனி ஆட்டமுறை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பலரும் வார்னரின் மூளை என்று பதில் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் தோன்றுகிறது. எதிரணிகளை விட கார்லைல் வீரர்கள் எடை குறைந்தவர்கள். ஆப்பு வைத்து மோதும் ஆட்டத்தில் அவர்கள் நசுங்கித்தான் போவார்கள். அப்படியானால் மோதாமல் ஜெயிக்க வழி தேட வேண்டும்: வேகம், ஏமாற்று, பந்து எங்கே என்று தெரியாமல் செய்வது. ஃபிராங்க் ஹட்சன் என்ற சின்ன உருவமுள்ள குவார்ட்டர்பேக், பந்தைத் தரையில் விட்டு அது எழும்பும் கணத்தில் உதைக்கும் டிராப் கிக்கில் நாட்டிலேயே சிறந்தவர்களில் ஒருவராக இருந்தார். எடை இல்லாதவனுக்கு எட்டத்திலிருந்தே புள்ளி எடுக்கும் வித்தை அது. வார்னர் வந்தபோது அவர் கையில் கிடைத்தது இப்படிப்பட்ட அணி. அவர் வரைந்த திட்டங்கள் அதற்குத் தோதாக அமைந்தன.

1903 அக்டோபர் 31, ஹார்வர்டு மைதானம். இரண்டாம் பாதியைத் தொடங்கி ஹார்வர்டு உதைத்த பந்து உயரப் போய் கார்லைல் எல்லைக்கோட்டருகே ஜிம்மி ஜான்சன் கையில் விழுந்தது. உடனே மற்றவர்கள் ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கும்பலுக்குள் ஜான்சன் பந்தைச் சார்லி தில்லனின் ஜெர்சிக்குள், முதுகுப்பக்கம் செருகினான். பந்து விழாதபடி ஜெர்சியின் கீழ்விளிம்பில் முன்கூட்டியே எலாஸ்டிக் தைத்திருந்தார்கள். கும்பல் கலைந்தது. ஆளாளுக்கு வயிற்றில் எதையோ அணைத்துப் பிடித்த மாதிரி நாலாபக்கமும் ஓடினார்கள். தில்லன் மட்டும் இரு கைகளையும் வீசிக்கொண்டு நேராக ஓடினான். கையில் பந்து இல்லாதவனை யார் பிடிப்பார்? ஹார்வர்டின் கடைசித் தடுப்பாளர் அவனுக்கு வழியே விட்டார். நூறு கஜத்துக்கு மேல் ஓடி எல்லையைத் தாண்டியதும் ஜான்சன் வந்து முதுகிலிருந்து பந்தை உருவித் தரையில் தொட்டான். டச்டவுன். ஆட்டத்தை ஹார்வர்டு 12-11 என்று ஒரு புள்ளியில் ஜெயித்தது என்பதை இன்று யாரும் முதலில் சொல்வதில்லை.

பெயர் எழுதிய நாடாவை முதுகில் தைத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வந்த பையன், முதுகில் பந்தை மறைத்துக்கொண்டு ஹார்வர்டைத் தாண்டி ஓடினான். இரண்டுக்கும் இடையே 24 ஆண்டுகள்.

நேரடி மோதல் ஆட்டம் வெளியிலும் தன் எல்லையை எட்டிக்கொண்டிருந்தது. 1905இல் மைதான மரணங்கள் நாட்டையே உலுக்கின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் மாறின. மூன்று முயற்சிக்கு ஐந்து கஜம் என்பது பத்து கஜமானது. பந்தை முன்னோக்கி எறியும் ஃபார்வர்டு பாஸுக்கு அனுமதி வந்தது. பெரிய அணிகள் அதைச் சந்தேகத்தோடு தொட்டன. கார்லைல் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த ஆட்டம் அதுதான். 1906இல் அணியைப் பழக்கியவர் பழைய கேப்டன் பீமஸ் பியர்ஸ், துணைக்கு ஃபிராங்க் ஹட்சன். இடையில் கார்னெல் போயிருந்த வார்னர் 1907இல் திரும்பினார். அந்த அக்டோபரில் பிலடெல்பியாவில் பீட் ஹவுசர் சுழற்றி எறிந்த நீளமான பாஸ்களுக்குப் பென்சில்வேனியாவிடம் பதிலே இல்லை. 26-6. அதே சீசனில் ஹார்வர்டும் 23-15 என்று கார்லைலிடம் தோற்றது. ஜிம் தோர்ப்பின் காலம் இதற்குப் பிறகு வருகிறது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றுவிட்டு வந்து, வெஸ்ட் பாயின்டில் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று தோற்கடித்த அணியில் ஆடிய அந்த மனிதரின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

ஆனால் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது அதிலேயே இருந்த ஒரு விரிசலையும் சொல்லியாக வேண்டும். வெளியூர் ஆட்டங்களின் பணம் பள்ளியின் விளையாட்டுச் சங்கத்துக்குப் போனது. பணம் பெருகப் பெருக, வீரர்களுக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாடு. அதே வளாகத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதவில்லை என்ற புகார். 1904இல் பிராட் அரசோடு மோதிப் பதவியிழந்து வெளியேறினார். கால்பந்து மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஒன்று, மெல்ல மெல்லப் பெரியவர்களின் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது.

அதற்கும் பிள்ளைகளே பதில் சொன்னார்கள். கஸ் வெல்ச், 1912 அணியின் குவார்ட்டர்பேக், ஓஜிப்வே இனத்தவர். பள்ளி நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி, 276 மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1914 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு கார்லைலுக்கே வந்து சாட்சிகளை விசாரித்தது. கால்பந்துப் பணம் எங்கெல்லாம் போனது, வார்னர் வீரர்களை எப்படி நடத்தினார், பிள்ளைகளுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதெல்லாம் பதிவானது. அப்போதைய கண்காணிப்பாளர் பதவியிழந்தார், வார்னர் அந்த சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1918இல் பள்ளியை மூடி வளாகத்தை ராணுவம் திரும்ப எடுத்துக்கொண்டது, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாக.

1893இல் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் நாற்பது பேர். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் 276 பேர்.